லியோன் பேராலயம்: கவிஞர் வளர்ந்த வீட்டிலிருந்து வெள்ளைக் கூரை வரை

நிகராகுவாவின் லியோன் நகருக்குப் போகிறவர்கள் பேராலயத்துக்குள் நுழையும் முன் ரூபன் தாரியோ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. மத்தியப் பூங்காவிலிருந்து மேற்கே, கவிஞரின் பெயர் கொண்ட தெருவிலேயே சிறிது தூரம் நடந்தால் போதும். ஸ்பானியக் கவிதைக்குப் புதுமூச்சு தந்த தாரியோ, பாட்டி முறையான பெர்னார்தா சர்மியெந்தோவிடம் வளர்ந்த வீடு இது. அவருடைய பைபிள், உயிர் பிரிந்த கட்டில், தூதுவராக அணிந்த உடை எல்லாம் இங்கே இருக்கின்றன. இவற்றைப் பார்த்த கண்ணோடு பேராலயத்தில் புனித பவுல் சுரூபத்தின் காலடிக்கு வாருங்கள். 1916இல் தாரியோவை அடக்கம் செய்த கல்லறைமேல் அழுதபடி படுத்திருக்கும் சிங்கச் சிலையின் முன் தானாகவே ஒரு செபம் வரும்.

பழைய லியோன் மொமொதொம்போ எரிமலையடியில் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் 1610இல் மக்கள் இங்கே குடிபெயர்ந்தார்கள். 1747இல் தொடங்கிய விண்ணேற்பு அன்னைப் பேராலயத்துக்குத் தடித்த சுவர்களும் குட்டையான கோபுரங்களும் அமைந்தது அந்த அனுபவத்தால்தான். 2011இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக்கியது.

கூரைக்குத் தனிச் சீட்டு. நிகராகுவா நாணயமான கோர்தோபாவைச் சில்லறையாக வைத்திருங்கள். மேலே செருப்பைக் கழற்றியாக வேண்டும்; வெள்ளைப் பூச்சு அழுக்காகாமல் இருக்கத்தான் இந்த விதி. ஆனாலும் குவிமாடங்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடக்கையில் அது வழிபாடாகவே ஆகிவிடுகிறது. நண்பகலைத் தவிருங்கள்: தளம் காலைச் சுடும், வெண்மை கண்ணைக் கூசவைக்கும். காலுறையும் கறுப்புக் கண்ணாடியும் உதவும். எரிமலைத் தொடர் கிழக்கே இருப்பதால் காலையில் சூரியன் அதன் பின்னால் நிற்கும், மலைகள் மங்கிப்போகும். பிற்பகல் வெளிச்சத்தில்தான் அவை தெளியும். மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழை வருமென்பதால் அந்த மாதங்களில் மட்டும் காலையே மேல். மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

திருப்பலி நேரத்தில் உள்ளே சுற்றிப் படம் எடுக்க வேண்டாம்; தோளும் முழங்காலும் மூடிய உடை உடுத்துங்கள்.

முடிந்தால், மரியாள் பாவ மாசின்றிக் கருவானதைக் கொண்டாடும் கிரித்தெரியா விழா நடக்கும் டிசம்பர் 7 மாலை போங்கள். "இத்தனை மகிழ்ச்சிக்குக் காரணம் யார்?" என்று ஆயர் குரலெழுப்ப, "மரியாளின் அமலோற்பவம்!" என்று சதுக்கமே பதில் முழங்கும். பிறகு வீடுவீடாக மாதா பீடங்களின் முன் பாடுவார்கள். வீட்டார் பழமும் இனிப்பும் கரும்பும் தருவார்கள். ஆகஸ்ட் 14இல் வரும் சிறிய கிரித்தெரியா, 1947இல் செர்ரோ நெக்ரோ எரிமலை ஊர்மேல் சாம்பலைக் கொட்டியபோது செய்த நேர்ச்சை. இரண்டுக்கும் அறையை முன்பே பதிவு செய்யுங்கள். வீட்டார் தருவதைப் போட்டுக்கொள்ளத் தோளில் ஒரு துணிப்பை இருக்கட்டும்.