டொங்காட்டில் ஊழிய வாரம் எப்படிப் போகும்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயர் சொன்னால் பலர் முழிப்பார்கள். மார்மன் சபை என்றால் புரிந்துவிடும். எங்கள் சபையில் பையன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்கு, அதாவது வெளியூர் போய் மதத்தைப் பரப்பும் வேலைக்குப் போவது வழக்கம். எந்த ஊர் என்று நாம் கேட்டு வாங்க முடியாது, அழைப்புக் கடிதத்தைத் திறந்தால்தான் தெரியும். எனக்கு வந்தது தென்னாப்பிரிக்கா, டர்பன். போலீஸ் கிளியரன்ஸ், மருத்துவச் சான்று, மார்பு எக்ஸ்ரே என்று விசா வேலை இழுஇழு என்று இழுத்தது. அதை விடுங்கள். கிளம்பப் போகிற தம்பிகள் என்னிடம் கேட்பது, "அங்கே ஒரு வாரம் எப்படிண்ணே போகும்?" என்பதைத்தான். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் 2022-ல் இருந்ததை வைத்துச் சொல்கிறேன்.

திங்கள்கிழமை ஊழியம் கிடையாது. துணி துவைப்பது, வாரத்துக்கான மளிகை வாங்குவது, வீட்டுக்கு வீடியோ கால் போடுவது, அவ்வளவுதான். 2019-க்கு முன் போனவர்களுக்கு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்துக்கு இரண்டே போன்தான். எங்களுக்கு வாராவாரம் பேச அனுமதி. அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்குப் பின்னால் தெரிகிற அடுப்பைப் பார்ப்பார்.

பிரசங்கம் கஷ்டம் என்று பயந்துகொண்டு வராதீர்கள். கஷ்டமெல்லாம் கம்பானியனோடு, அதாவது கூடவே இருக்கிற ஜோடி ஊழியரோடுதான். குளியலறை நீங்கலாக மற்ற நேரமெல்லாம் ஒருவர் மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். காலை 6.30-க்கு எழுவது, படிப்பது, வெளியே போவது, திரும்புவது, எல்லாமே ஜோடியாகத்தான். என் ஜோடி ஜிம்பாப்வேயின் புலவாயோக்காரர். அவருடைய இண்டபெலே மொழியும் டர்பன் பக்கம் பேசுகிற ஜூலுவும் ஏறக்குறைய ஒன்று என்பதால் டாக்ஸி ஸ்டாண்டில் பேசுவது அவர் பொறுப்பு. அங்கே இருக்கிற தமிழ் வம்சாவளி வீடுகள் என் பொறுப்பு. அவர் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவார், எனக்கு அமைதி வேண்டும். இதற்கெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பாடம் கிடையாது.

வாரத் திட்டத்தில் யார் வீட்டுக்கு எப்போது என்று எழுதி வைப்போம். அதில் பாதியை அப்போது லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு அழித்துவிடும். கட்டம் கூடக் கூட மின்வெட்டு நேரமும் கூடும், அந்த வருடம் ஆறாம் கட்டம் வரைக்கும் போனது. மின்சாரம் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் சமைக்கப் போகிறவரிடம் போய் வேதம் படிக்கலாமா என்று கேட்க முடியுமா? அதனால் மின்வெட்டு ஆப்பைப் பார்த்துவிட்டுத்தான் மணி குறிப்போம்.

அதைவிடப் பெரிய பாடு தண்ணீர். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகிவிட்டது. அப்புறம் மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்கர் வரும், வாளியோடு வரிசை நிற்கும். வசதியுள்ளவர்கள் ஜோஜோ டேங்க் என்கிற பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டார்கள். தனியாக இருக்கிற வயதானவர்கள் என்ன செய்வார்கள்? மேட்டில் வீடு, கையில் இருபது லிட்டர் கேன். வாரத்துக்குச் சில மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த மாதங்களில் தண்ணீர் சுமப்பதே சேவையாகிவிட்டது. துண்டறிக்கை கொடுத்தபோது கேட்டைத் திறக்காத தெருவில், கேனோடு போனபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்காக எல்லாரும் எங்கள் சபைப் பாடம் கேட்டார்கள் என்று இல்லை. பெரும்பாலோர் கேட்கவில்லை. தண்ணீருக்குப் பதில் பாடம் என்று பேரம் ஆகிவிடக் கூடாது என்பதில் என் ஜோடி கறாராக இருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஆயா வீட்டுக்குத் தவறாமல் போவோம். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் நாங்கள் நுழையக் கூடாது, அதனால் முற்றத்து லிச்சி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார். குடும்பமே கோயிலுக்குப் போகிறவர்கள். கேனை இறக்கி வைத்ததும் ஒருநாள் கேட்டார்: "தம்பி, நீ ஊர்த் தமிழ் பேசுறியே, எங்க புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு." பேத்தி ஈஸ்டெட்போடு என்கிற தமிழ்க் கலைப் போட்டிக்கு ஒரு பக்திப் பாட்டுத் தயார் செய்துகொண்டிருந்தாள். பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்தில் இருந்தது, எங்கே நீட்ட வேண்டும் என்று பென்சிலில் கோடு. அவளுக்கு அர்த்தம் ஒரு வரிகூடத் தெரியாது, ஆனால் ராகம் பிசகவில்லை. நெடிலைக் குறிலாக்கிய இடங்களை மட்டும் திருத்தினேன். இந்துக் கடவுள் பாட்டை ஒரு மிஷனரி திருத்தலாமா என்று பிற்பாடு காரில் என் ஜோடி கேட்டார். பிள்ளைக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுப்பதில் என்ன தப்பு என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் தானும் கைதட்டித் தாளம் போட்டார்.

டீ விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சபையில் காபியும் தேயிலையும் கூடாது. தமிழ் வீட்டில் டீ வேண்டாம் என்றால் மனசு வருத்தப்படுவார்கள். அந்த நாட்டில் அதற்கு ரூய்போஸ் இருக்கிறது. அது தேயிலைச் செடியே அல்ல, கேப் பகுதி மலைகளில் விளைகிற புதர். "ரூய்போஸ் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கெட்டில் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். மின்சாரம் இருந்தால்.

பாடம் கேட்பவர்கள் கேட்கிற கேள்விகளும் சாதாரணமாக இருக்காது. நிறப்பிரிவினைச் சட்டத்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு வந்த தலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது. ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "உங்க சபையில கறுப்பர்களுக்கு ஆசாரியத்துவம் கொடுக்காம வச்சிருந்தீங்களாமே?" ஆசாரியத்துவம் என்றால் சபையில் சடங்குகளை நடத்தும் அதிகாரம். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். என் ஜோடி, "ஆமாம் அங்கிள், 1978 வரைக்கும் அப்படித்தான். இப்போ அந்த ஆசாரியத்துவத்தோடதான் நான் உங்க முன்னால உட்கார்ந்திருக்கேன்" என்றார். பெரியவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, ஆனால் அடுத்த முறையும் வரச் சொன்னார். வரலாற்றை மழுப்பாதீர்கள். கேட்பவர்கள் போனில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை கல்யாணம், சடங்கு என்று யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஞாயிறு ஆராதனை. அப்பமும் தண்ணீரும்தான் திருவிருந்து, திராட்சரசம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். அன்று பார்த்து யாராவது பிரியாணிக்குக் கூப்பிடுவார்கள், மாலைக்குத் தள்ளிவைக்கச் சொன்னால் போதும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் செய்தி வரும். ஜோடி மாறலாம், ஊரும் மாறலாம். அதனால் பெட்டியை நிரப்பாதீர்கள். இரண்டு ஜோடி நல்ல ஷூ கொண்டுபோங்கள், மேட்டுத் தெருக்களில் கேன் தூக்கினால் அடிப்பாகம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.