மார்த்தினிக்கில் மாளிகையைக் கடைசியில் பாருங்கள்

பெங்களூர்த் தமிழர்களுக்கு எஸ்டேட் பங்களா புதிதல்ல. மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தால் வண்டி சிக்மகளூருக்கோ குடகுக்கோ கிளம்பிவிடும். வராந்தாவில் காபி குடித்துத் திரும்பும் அதே பழக்கத்தோடு கரீபியன் தீவான மார்த்தினிக்கின் கரும்புத் தோட்ட மாளிகைகளுக்குப் போனால், முக்கியமானது கண்ணில் படாமலே போகும். அங்கே ஆலை முதலில், அடிமைகள் வாழ்ந்த குடிசை அடுத்து, மாளிகை கடைசியில்.

காரணம் கரும்பில் இருக்கிறது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் பிழியாவிட்டால் சாறு கெட்டு, சர்க்கரை கட்டாது. அதனால் தோட்டத்துக்குள்ளேயே ஆலை இருந்தாக வேண்டும். வரிசையாகப் பதித்த கொப்பரைகளில், பெரியதிலிருந்து சிறியதற்குச் சாற்றை மாற்றி மாற்றிக் காய்ச்சுவார்கள். அழுக்கு திரள சுண்ணாம்பு, அடுப்புக்குக் கரும்புச் சக்கை. மண்டியா பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைமனையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் அடிமை முறை இருந்த நாளில், அறுவடைக் காலத்தில் இந்தத் தோட்டங்களில் வேலை இரவிலும் நிற்காது. தூக்கக் கலக்கத்தில் அடிமைகளின் கை, கரும்பு பிழியும் உருளையில் சிக்கினால் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே கத்தி வைத்திருந்த ஆலைகள் கரீபியனில் இருந்தன. அந்த உருளையைப் பார்த்துவிட்டு மாளிகைக்குள் நுழைந்தால், மர மேசையும் பீங்கானும் வேறு மாதிரி தெரியும்.

த்ருவாசிலே ஊரில் தொடங்கலாம். இங்குள்ள லா பாஜெரி, நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் 1763-ல் பிறந்த தோட்டம். 1766 புயலில் மாளிகை போய்விட்டது. தீக்குப் பயந்து தள்ளிக் கட்டிய கல் சமையலறை நின்றது. இன்று அதுதான் அருங்காட்சியகம். அதே ஊரில் சவான் தெ ஸெஸ்க்லாவ் என்ற இடத்தில் அடிமைக் குடிசைகளைத் திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள். லா பாஜெரிக்கு முன் அதைப் பாருங்கள்.

லெ ஃபிரான்சுவாவின் கிளெமான் தோட்டத்துக்கு அரை நாளாவது வேண்டும். 1887-ல் ஓமேர் கிளெமான் வாங்கியது. மர வீடு, காற்றை உள்ளே விடும் சாய்பலகைச் சன்னல்கள், சுற்றிலும் பெரிய தோப்பு. ஆனால் ரம் வடிப்பு 1988-லேயே இங்கிருந்து போய்விட்டது. உள்ளே இருப்பவை ஓய்ந்த இயந்திரங்களும் ரம் பீப்பாய்களும். ஓடும் ஆலை பார்க்க ஆசையென்றால் சேன் பியேர் ஊரின் தெபாஸ் ரம் ஆலைக்குப் போங்கள், அதுவும் அறுவடைக் காலத்தில். 1902-ல் பெலே எரிமலை அழித்த ஊர் அது.

வடக்கே பாஸ்புவாந்த் ஊரை விட்டுவிடாதீர்கள், நம்மவர் தடம் இருக்கும் இடம் அது. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. தொடர்ந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சுமார் 25,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மாரியம்மன் அங்கே மாரியெமென். கறிக்குழம்பு போன்ற கொலம்போவில் மஞ்சளும் மல்லியும் மணக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் விசா. மார்த்தினிக் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஷெங்கன் விசா மட்டும் வைத்துக்கொண்டு இறங்க முடியாது. கடல்கடந்த மாவட்டங்களுக்கான விசாவைத் தனியாகக் கேட்க வேண்டும். பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு நேர் விமானம் உண்டு. ஆனால் அது இறங்குவது சார்ல் தெ கோல், தீவுக்கான விமானங்களில் பல கிளம்புவது பாரிஸின் இன்னொரு விமான நிலையமான ஓர்லி. ஷெங்கன் எல்லைக்குள் நுழைந்து, ஊருக்குள் வந்துதான் மாற வேண்டும். திரும்பும்போது மறுபடி நுழைவு. ஆகவே ஷெங்கன் விசா இரண்டு நுழைவுக்காவது இருக்கட்டும்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம்: மழை குறைவு, அறுவடையும் நடக்கும். பேருந்தை நம்பித் தோட்டங்களுக்குப் போக முடியாது, ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். கரும்புக்குள் இறங்கவேண்டாம், கொடிய விரியன் உண்டு. கடற்கரையில் சிவப்புப் பட்டை தீட்டிய மரம் மான்சினீல். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் பொத்துவிடும்.