கேட்டோ கீழ போட்ட அத்திப்பழம்

லத்தீன்ல ஃபிகஸ்னா அத்திமரமும் அதுதான் பழமும் அதுதான். பிற்காலத்துல தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பேரையே ஒரு பேரினத்துக்கு வச்சுட்டதால நம்ம ஆலமரம், அரசமரம் எல்லாம் இப்ப ஃபிகஸ் கணக்குலதான் வருது. ரோம்காரங்களுக்கு இது ஊர் பிறந்த கதையிலயே இருக்கற மரம், ரோமுலஸும் ரெமுஸும் கைக்குழந்தையா ஆத்துல மிதந்து வந்து கரை ஒதுங்குனதே ஒரு அத்திமரத்தடியிலதான்னு சொல்வாங்க.

ஆனா அத்தின்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது பழைய ரோம் அரசியல்வாதி கேட்டோதான். ரோமோட எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜை அழிச்சே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்ன ஆளு. ஒருநாள் செனட்ல டோகாங்கற மேலாடையை உதறுற சாக்குல ஒரு ஆப்பிரிக்க அத்திப்பழத்தைக் கீழ விழ வச்சாராம், அட எவ்ளோ பெருசுன்னு எல்லாரும் பார்க்க, இது விளையற நாடு இங்கருந்து மூணு நாள் கப்பல் பயணம்தான்னாராம், இது கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதி வச்சது. கி.மு. 149-ல போர் ஆரம்பிச்சுது, அதே வருஷம் அவர் செத்துட்டாரு, 146-ல கார்த்தேஜ் தரைமட்டம்.

இதுல பாருங்க, கேட்டோ விவசாயத்தைப் பத்தி எழுதின புத்தகம் இன்னிக்கும் இருக்கு, அதுல எந்த மண்ணுல எந்த அத்தி வைக்கணும்னு சொல்றப்ப ஆப்பிரிக்க அத்திக்கு செழிப்பான மண்ணோ எரு போட்ட மண்ணோ வேணும்னு அவரே எழுதியிருக்காரு. அப்போ அந்த ரகம் இத்தாலியிலயே வளர்ந்துட்டுதான் இருந்திருக்கு, செனட்ல விழுந்த பழம் சொந்தத் தோட்டத்துப் பழமாவே இருந்திருக்கலாம்னு சந்தேகப்படறவங்க பக்கம்தான் நானும்.

அதே புத்தகத்துல 56-ஆவது பகுதி என்னை ரொம்பவே உலுக்கிடுச்சு. விலங்கு மாட்டின அடிமைங்களுக்கு எவ்ளோ ரொட்டிங்கற கணக்கு அது. குளிர்காலத்துல நாலு பவுண்டு, திராட்சைத் தோட்டத்தைக் கொத்த ஆரம்பிச்சா அஞ்சு, அவங்க அத்திப்பழம் திங்க ஆரம்பிச்சதும் திரும்ப நாலாக்கிடு. ரோமன் பவுண்டு சுமார் 327 கிராம், அவ்ளோ ரொட்டியை ஒரு மரத்துப் பழத்தைக் காட்டி மிச்சம் பிடிக்கறாரு. வெயில்ல காலைப் பிணைச்சபடி கொத்திட்டு நிக்கற அந்த மனுஷனுக்கு மரத்துல காய் பழுக்கறதப் பார்த்தா சந்தோஷமா இருந்திருக்குமா, இல்ல நாளைலருந்து ரொட்டி குறையும்னு வயித்தைக் கலக்கியிருக்குமா? செனட் கதையை எல்லாரும் சொல்றாங்க, இதை யாரும் சொல்றதில்ல. ரெண்டு மூணு வரிதான், கிடைச்சா கண்டிப்பா படிங்க.