அப்பாவின் எழுபதுக்கு ஒரு ரத்ததான முகாம்

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

அப்பாவுக்கு 70 நிறைகிறது. மேடை, பொன்னாடை, கேடயம் எதுவும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. காலமெல்லாம் ரத்ததான முகாம் நடத்தியவருக்கு, ஒழுங்காக நடக்கும் இன்னொரு முகாமைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவர் இனி கொடுக்க முடியாது. 65 வயதோடு தகுதி முடிந்துவிடும். முதல்முறை கொடுக்க வருகிறவருக்கு எல்லை 60.

அவர் தலைமுறைத் தொண்டர்கள் எந்தச் சூழலில் ஆள் சேர்த்தார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்று ரத்த வங்கி வாசலில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் காத்திருப்பார்கள். 1986இல் சென்னையில் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டபின் அந்த ரத்தத்தைப் பற்றிய பயம் கூடியது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் ரத்த விற்பனை தடையானது. விற்றவர்கள் போன இடத்தைச் சட்டம் நிரப்பாது. வீடு வீடாகப் போய்ப் பேசியவர்கள்தான் நிரப்பினார்கள்.

செப்டம்பர் 3, புதன்

ரத்த வங்கியிடம் முதலில் கேட்க வேண்டியது தேதி அல்ல, "எத்தனை யூனிட் உங்களுக்குப் பயன்படும்?" என்பதுதான். "300 யூனிட் எடுத்தோம்" என்று ஃபிளெக்ஸ் அடிப்பதில் பெருமை இல்லை. சிவப்பணு சாதாரணப் பையில் 35 நாள், சிவப்பணுவைக் கூடுதல் நாள் காக்கும் கரைசல் சேர்த்த பையில் 42 நாள் தாங்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுக்கு 5 நாள்தான் ஆயுள். ஒரே நாளில் குவித்தால் டெங்கு நோயாளிக்குப் போக வேண்டியது குப்பைக்குப் போகும்.

50 முதல் 70 பேர் வரை என்றால் மூன்று மணி நேரம் போதும். ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று டெக்னீஷியன்கள் வந்தால் ஆறேழு கட்டில்களைச் சமாளிக்கலாம். பிளேட்லெட் பிரிக்க வேண்டுமானால் எடுத்த சில மணி நேரத்துக்குள் பை ரத்த வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே வண்டி முகாம் முடியும்வரை காத்திருக்காமல் நடுவில் ஒருமுறை போய்வர வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிப் பேசிவைப்பதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரத்தம் கொடுப்பவர்கள் விவரம் எழுதிய அப்பாவின் நீள நோட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. பெயர், பிறந்த தேதி, குரூப், பாலினம், கடைசியாகக் கொடுத்த தேதி, ஊர், போன். வயதை எழுதினால் அடுத்த வருஷமே தப்பாகிவிடும், பிறந்த தேதிதான் வேண்டும். குரூப்புக்கு எதிரே அது எங்கிருந்து வந்தது என்றும் குறிக்க வேண்டும்: ரத்த வங்கி அட்டையா, வாய்ச்சொல்லா. வாய்ச்சொல்லில் தப்பு அதிகம்.

தெரிந்து செய்தாரா என்று கேட்கவில்லை, ஆனால் நெகட்டிவ் குரூப்காரர்களை அவர் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதுதான் சரி. ஓ நெகட்டிவ் ஆட்கள் எல்லாரையும் ஒரே முகாமில் படுக்கவைத்துவிட்டால், அவர்கள் மறுபடி கொடுக்க முடியாத அடுத்த 90 நாளில் அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது. அவர்களை முகாமுக்கு அழைக்காமல் போன் எண்ணை மட்டும் சரிபார்த்துவைப்பது மேல். பாம்பே குரூப் இன்னும் அபூர்வம். சாதாரணப் பரிசோதனையில் அது ஓ என்றே காட்டும்; சிவப்பணுவின் மேல் எச் ஆன்டிஜன் என்ற பொருள் இருக்கிறதா என்று சோதனை செய்தால்தான் பிடிபடும்.

இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. யாரைச் சேர்த்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. இந்த மாதச் சனிக்கிழமைகளில் விரதம் இருப்பவர்கள் அதிகம் என்பதால்தான் முகாமை 28ஆம் தேதி ஞாயிறு வைத்தது. வெறும் வயிற்றில் வருகிறவருக்குத்தான் முதலில் தலை சுற்றும்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டு விடுமுறையில் பள்ளிக் கூடம் கிடைத்தது. தரைத்தளம், மின்விசிறி, கைகழுவத் தண்ணீர், ஆம்புலன்ஸ் வாசல்வரை வர வழி. மாடி மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதுதான் மயக்கம் வரும்.

எல்லாருக்கும் அனுப்பிய செய்தி: நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். முந்தைய 24 மணி நேரம் மது கூடாது. இரவு நன்றாகத் தூங்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. 55க்கு மேல் இருந்தால்தான் 450 மில்லி, மற்றவருக்கு 350. ஒரு வருஷத்துக்குள் பச்சை குத்தியவர்கள் இந்தமுறை வர வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டோடு வரட்டும், மருத்துவர் முடிவு செய்வார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்டரைக்கு முதல் கட்டில். பேச்சு, வாழ்த்து எல்லாம் கடைசி ஆள் எழுந்தபின்தான். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தால், காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டு வந்தவர் பதினொரு மணிக்குப் படுப்பார்; அப்புறம் மயங்காமல் என்ன செய்வார்?

கொடுப்பதற்குச் சற்று முன் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் கொடுத்தால் மயக்கம் வெகுவாகக் குறையும். மயக்கத்துக்கு முன் கொட்டாவி, வியர்வை, முகவெளிறல், குமட்டல் என்று அடையாளம் காட்டும். உடனே எடுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி, சட்டைப் பொத்தானைத் தளர்த்த வேண்டும். ஊசி எடுத்தபின் பஞ்சை அழுத்தி, கையை நீட்டியபடி தூக்கிப் பிடிக்க வேண்டும். எல்லாரும் முழங்கையை மடக்குவார்கள், ரத்தக்கட்டு அதனால்தான்.

அப்பாவுக்கு ஜூஸ் மேஜை. கௌரவத்துக்காகத் தந்த நாற்காலி இல்லை அது. கொடுத்தவரைக் கால் மணி நேரம் பேச்சுக்கொடுத்து உட்காரவைக்க அனுபவசாலி வேண்டும். இளவட்டம் பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை நோக்கி ஓடும். கழிப்பறைக்குப் போகிறவர் தாழ்ப்பாள் போடாமல் பார்த்துக்கொள்வதும் அந்த மேஜையின் பொறுப்பு.

ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே என்று திரும்பியவர்களில் பெண்களே அதிகம். "உங்களுக்கு ரத்தம் இல்லை, போங்க" என்று கூட்டத்தில் சொல்லி அனுப்பும் முகாம்கள் உண்டு. அளவைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகளும் ஒவ்வொரு பைக்கும் நடக்கும். முடிவு கொடுத்தவருக்கும் ரத்த வங்கிக்கும் இடையில் இருக்க வேண்டியது. அமைப்பாளர் அந்தப் பட்டியலைக் கேட்கவே கூடாது, பிறந்தநாள்காரரின் மகனாக இருந்தாலும்.

நோட்டில் அடுத்த தேதிகள் ஏறிவிட்டன. ஆண்களுக்கு 90 நாள் கணக்கில் டிசம்பர் 27. பெண்களுக்கு 120 நாள், ஜனவரி 26. குடியரசு தினத்தன்று ஊரெங்கும் முகாம் நடக்கும், ரத்த வங்கி நிறைந்துவிடும். பெண்களைப் பிப்ரவரி முதல் வாரத்தில் அழைத்தால் போதும் என்று அப்பா பென்சிலால் திருத்தியிருக்கிறார்.