சீகல் இன்ஜின்: எந்தப் பக்கம் ஆடுகிறது?

என் படகின் பழைய சீகல் இன்ஜினில் மூன்றாவது முறையாக ஃப்ளைவீலைக் கழற்றினேன். ஸ்பார்க் வரவைக்கத் திறந்து மூடும் பாயிண்ட் மேல் மறுபடியும் எண்ணெய். இரண்டு வாரத்துக்கு முன்புதான் துடைத்து, இடைவெளி வைத்து மாட்டியிருந்தேன். புது கண்டென்சர், புது பிளக் எல்லாம் போட்டாகிவிட்டது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஒரு நாள் இரண்டாவது இழுப்பில் பிடிக்கும், மறுநாள் தோள்பட்டை கழன்றாலும் பிடிக்காது. பிடித்தாலும் ஆற்று நடுவில் வந்து நின்றுவிடும்.

இது பிரிட்டிஷ் சீகல் ஃபார்ட்டி பிளஸ், அறுபதுகளில் செய்தது. நான் இருக்கும் சவுத்தாம்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில், பூல் என்ற துறைமுக ஊரில் தயாரானது. கிளட்ச் கிடையாது, இன்ஜின் பிடித்த நொடியே படகு கிளம்பிவிடும். ஒருவர் வீட்டுக் கொட்டகையைக் காலி செய்தபோது வாங்கினேன். கூடவே ஒரு பெட்ரோல் கேனும் வந்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவில் 50:1 என்று எழுதியிருந்தது. அப்போது அதைக் கவனிக்கவில்லை.

ஃப்ளைவீலை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். டக் என்று ஏறியது. விட்டால் டக் என்று இறங்கியது. சரி, கிராங்க்ஷாஃப்ட் போச்சு என்று முடிவுகட்டி, லேத் வேலை தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்தேன். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பருத்தித்துறையில் வளர்ந்தவர், படகு இன்ஜின்களை சிறு வயதிலேயே பிரித்துப் பூட்டியவர்.

"தம்பி, ஆட்டம் இருக்கிறது பிரச்சினையில்லை. எந்தப் பக்கம் ஆடுது எண்டு பாருங்கோ" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த இன்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் நட்டக்குத்தாக நிற்கிறது. மேலும் கீழும் அதைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, வெறும் வெண்கலப் புஷ், அதாவது ஷாஃப்ட் உள்ளே சுற்றும் ஒரு குழல். ஷாஃப்ட் மேலும் கீழும் கொஞ்சம் நகரத்தான் செய்யும், அதனால் கெடுதல் இல்லை. பக்கவாட்டில் ஆடினால்தான் ஆபத்து. ஊரில் சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைப் பிடித்து இடம் வலமாக அசைத்து கோன் லூஸ் என்பாரே, அந்தச் சோதனையைத்தான் நான் செய்திருக்க வேண்டும். செய்தேன். கைக்கு லேசாக ஒரு தட்டல் தெரிந்தது. படகின் முன்பின்னாக அசைத்தால் அதிகம், குறுக்காக அசைத்தால் குறைவு.

கையை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்க மனம் வரவில்லை. பாயிண்ட்டைத் திறப்பது கேம் என்ற மேடு. அது கிராங்க்ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவது. அதனால் ஷாஃப்ட் ஆடினால் இடைவெளியும் ஆட வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து 0.5 மில்லிமீட்டர் சரியாக அமைத்தேன். பிறகு அண்ணை ஃப்ளைவீலை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்க, மறுபடி அளந்தேன். 0.3. எதிர்ப்பக்கம் தள்ளினால் 0.5 கேஜ் தொளதொளவென்று போனது. ஸ்பார்க் ஏன் ஒரு நாள் வந்து மறுநாள் வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜும் வைத்தோம். அதன் காந்த அடித்தளம் கிராங்க்கேஸில் ஒட்டவே இல்லை, அது அலுமினியம். சிலிண்டர் வார்ப்பிரும்பு என்றாலும் வளைவில் சரியாக உட்காரவில்லை. கடைசியில் ஒரு இரும்புப் பட்டையை வைஸில் கவ்வி அதன் மேல் நிறுத்தினோம். ஷாஃப்ட் நுனியில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம். நுனியில் அளப்பதால் புஷ் இருக்கும் இடத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். ஆனாலும் இந்தப் பருமனுள்ள ஷாஃப்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் ஆட்டம் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த சோதனை அடுத்தது. ஃப்ளைவீலையும் பாயிண்ட் உட்காரும் மேக்னெட்டோ தட்டையும் எடுத்துவிட்டு, ஷாஃப்டும் மேல் புஷ்ஷும் சேரும் இடத்தில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டேன். கீழே புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் கிராங்க்கும் சுற்றும். பிஸ்டன் கிராங்க் பக்கம் வரும்போதெல்லாம் எண்ணெயில் குமிழ் கிளம்பியது, விலகிப் போகும்போது எண்ணெய் உள்ளே இழுபட்டது. இந்த இன்ஜினில் தனியாக ஆயில் சீல் கிடையாது. புஷ்ஷில் தங்கும் எண்ணெய்ப் படலம்தான் அடைப்பு. புஷ் தேய்ந்ததும் அந்த வழியே பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்த கலவை மேலே பீய்ச்சி, பாயிண்ட்டை நனைத்திருக்கிறது. நான் மூன்று முறை துடைத்தது அதைத்தான்.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையையும் சந்தேகப்பட்டேன். பிளக் ஓட்டை வழியே ஒரு மரக்குச்சியை பிஸ்டன் மேல் நிறுத்தி, கிராங்க்கைக் கால் சுற்றில் வைத்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன். குச்சி தாமதமில்லாமல் கூடவே போய் வந்தது. அப்பாடா.

கிராங்க்கை வெளியே எடுக்க ஒரு முழு மாலை போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, துருப்பிடித்த போல்ட்டுகளும் என் வாயும்தான். மைக்ரோமீட்டரில் ஷாஃப்டை மூன்று இடத்தில் அளந்தோம். வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர் மட்டுமே. மேல் புஷ்தான் முட்டை வடிவில் போயிருந்தது, அதுவும் சிலிண்டருக்கு எதிர்ப்பக்கமாக. ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

"இதுக்கு என்ன ஒயில் கலந்தனீர்?" என்று கேட்டார். கேனைக் காட்டினேன். சிரித்தார். பழைய சீகலுக்கு பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், பின்னாளில் வந்த மாடல்களுக்கு 25:1. இந்தக் காலத்து இன்ஜின்களுக்கான 50:1-ஐ ஊற்றினால் வெண்கலப் புஷ்ஷுக்கு எண்ணெய் எப்படிப் போதும்? கொட்டகைக்காரர் ஊற்றியது பாதி, நானும் யோசிக்காமல் ஊற்றியது மீதி.

அண்ணை பாஸ்பர் வெண்கலத்தில் இரண்டு புஷ் கடைந்து, அழுத்தி ஏற்றி, ரீமர் போட்டுத் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். முதல் படகுச் சவாரியும் ஒரு மீன் குழம்பும் என்று கணக்கு தீர்ந்தது.

அதற்குப் பிறகு ஐந்து தடவை ஆற்றில் இறங்கியாகிவிட்டது. புகை முன்பைவிட அதிகம், பக்கத்துப் படகுக்காரர் முகம் சுளிக்கிறார். போன ஞாயிறு ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தேன். பாயிண்ட் காய்ந்து கிடந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் இடைவெளி 0.5-ஐ விட்டு நகரவில்லை. மேலே தூக்கினால் மட்டும் இன்னமும் டக் என்கிறது.