கெகார்ட் போனால் மாடிக்கும் போங்க

ஆர்மீனியாவின் கெகார்ட் மடாலயத்தில் எனக்குக் கிடைத்தது 40 நிமிஷம். வழியில் கார்னி என்கிற ஊரில் பிடித்த டாக்சிக்காரருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ரஷ்யனும் வராது, ஆர்மீனியனும் வராது. அவர் போனில் 40 என்று தட்டிக் காட்டினார், நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஒரு மடாலயம்தானே, தாராளமாகப் போதும் என்று நினைப்பு. போதவே போதாது. அதிலும் பாதி நேரத்தை முதல் அறையிலேயே தொலைத்துவிட்டேன், அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வழி சுலபம். தலைநகர் யெரெவானிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கார்னி வரைக்கும் மினிபஸ் ஓடுகிறது, அதற்கு மேல் டாக்சிதான். கார்னியில் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களோடு ஒன்று நிற்கும், 1679 நிலநடுக்கத்தில் சரிந்து கிடந்ததைச் சோவியத் காலத்தில் எடுத்து நிறுத்தியது. அதைப் பார்த்தாயிற்றா, சரி, கிளம்புங்கள். அசாத் ஆற்றின் பள்ளத்தாக்கு போகப்போக ஒடுங்கி, இனி போக வழியே இல்லை என்கிற மாதிரி இரண்டு பக்கமும் பாறை எழும்பி நிற்கும் இடத்தில் சாலை முடிகிறது. அங்கேதான் மடாலயம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலுக்கு முன்னால் பாட்டிமார்கள் கடை போட்டிருக்கிறார்கள்: தட்டு அகலத்துக்கு காத்தா என்கிற இனிப்பு ரொட்டி, அப்புறம் சுஜுக் என்று ஒன்று, வால்நட்டை நூலில் கோத்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கிமுக்கி எடுத்துத் தொங்கவிட்டது. பார்க்க அழுக்கு மெழுகுவத்தி போல இருக்கும், யோசிக்காமல் வாங்குங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 1215-இல் கட்டிய பெரிய தேவாலயம், அதை ஒட்டி காவித் என்கிற முன்மண்டபம், நான்கு தூண், நடுக்கூரையில் ஒரு திறப்பு. திறப்பைச் சுற்றிக் கல்லைத் தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள், அதன் வழியாக ஒரே ஒரு கற்றை வெளிச்சம் தரைக்கு இறங்குகிறது. அந்தக் கற்றையில் ஆள் இல்லாமல் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று 20 நிமிஷத்துக்கு மேல் காத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது வந்து நிற்பார்கள். எடுத்த படமும் நன்றாக வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் இது மலைக்கு வெளியே கட்டியது. கெகார்டின் கதை மலைக்கு உள்ளே இருக்கிறது. இதன் பழைய பெயரே அய்ரிவாங்க், குகை மடம். நான்காம் நூற்றாண்டில், ஆர்மீனியாவைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த புனித கிரகோரி இங்கே ஒரு குகை ஊற்றைப் பார்த்து மடத்தைத் தொடங்கினார் என்பது அவர்கள் மரபு. அந்த ஊற்று இன்னும் ஓடுகிறது, பாறையைக் குடைந்த சிற்றாலயத்துக்குள்ளேயே, வருகிறவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கெகார்ட் என்றால் ஈட்டி. சிலுவையில் இருந்த இயேசுவைக் குத்திய ஈட்டி என்று நம்பப்படும் ஒன்றை இங்கே வைத்திருந்ததால் அந்தப் பெயர், ஈட்டி இப்போது ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினில் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ப்ரோஷியன் என்கிற பிரபு குடும்பம் மடத்தை விலைக்கு வாங்கியது, மலைக்குள் இருக்கும் பெரிய அறைகளைக் குடைந்தது அதற்கப்புறம்தான். தூண் வேண்டிய இடத்தில் பாறையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வெளியே எடுத்திருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயில் ஞாபகம் வந்தது, ஆனால் அங்கே சுற்றியிருந்த மலையை அகற்றிக் கோயிலை வெளியே காட்டினார்கள், இங்கே வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பாறைதான், எதுவுமே தெரியாது. கீழ் அறைச் சுவரில் அந்தக் குடும்பச் சின்னம்: கொம்புள்ள ஒரு தலை வாயில் சங்கிலியைக் கவ்விக்கொண்டிருக்கிறது, சங்கிலி இரண்டு சிங்கங்களின் கழுத்தைச் சுற்றிப் போகிறது, சிங்கங்களின் வால் நுனியில் பாம்புத்தலை, கீழே ஒரு கழுகு ஆட்டுக்குட்டியோடு. சிங்கங்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கின்றன, முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை, வீட்டுப் பூனை மாதிரி.

இதோடு வெளியே வந்துவிட்டேன். மணியைப் பார்த்தால் ஐந்து நிமிஷம் பாக்கி. அப்போதுதான் ஒரு குடும்பம் வெளிப்பக்கப் படியேறுவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். இடுக்கான ஒரு நடை, சுவர் முழுக்கச் சிலுவைகள், அதைத் தாண்டினால் மேல் அறை. 1288-இல் குடைந்தது, அதே குடும்பத்தின் கல்லறை. நான்கு தடித்த தூண்கள், அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் சும்மா ‘ஓ’ என்றாள். அந்த ஓ போகவே இல்லை. அவள் வாயை மூடிய பிறகும் அறை அதைப் பிடித்துவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விட்டது. அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தேன், எனக்குப் பாட வராது, யாரும் இல்லை என்கிற தைரியத்தில் ‘ம்ம்ம்’ என்று ஒரே ஒரு சுரம் இழுத்தேன். சத்தியமாக அது என் குரல் இல்லை, நாலு பேர் பக்கத்தில் நின்று சேர்ந்து பாடுவது மாதிரி இருந்தது. ஆசை விடவில்லை, இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அறையின் மூலையில் தரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. குனிந்து பார்த்தால் நேர் கீழே சிங்கங்கள் இருந்த அறை. அங்கே ஒரு வழுக்கைத் தலைக்காரர் போனைக் கையில் வைத்தபடி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டேன்.

டாக்சிக்கு 25 நிமிஷம் தாமதம். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே ஓடினேன், மனிதர் பானெட்டில் சாய்ந்து காத்தா தின்றுகொண்டிருந்தார். ஒரு துண்டு பிய்த்து நீட்டிவிட்டு, போனில் ஏதோ தட்டிக் காட்டினார். இந்த முறை நேரம் இல்லை, கூடுதலாக எத்தனை டிராம் (அவர்கள் ஊர் நாணயம்) என்கிற கணக்கு.