கூடாரம் அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

முகாம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பையை இறக்கிவிடாதீர்கள். முதலில் மேலே பாருங்கள். இலையே இல்லாத கிளை, பட்டை உரிந்த மரம், அடிமரத்தில் காளான், வேர்ப்பக்கம் மண் வெடிப்பு, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் வேறு இடம் தேடுங்கள். பட்டுப்போன கிளை விழக் காற்றே வேண்டாம்.

காய்ந்த ஓடைப் படுகை படுக்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் மேட்டில் எங்கோ மழை பெய்தால் போதும், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். புதர்களில் இடுப்பு உயரத்துக்குச் சருகும் குச்சியும் சிக்கியிருந்தால், தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

பலரும் அசட்டையாக இருப்பது கரியடுப்பு விஷயத்தில். அணைந்த மாதிரி தெரியும் கரி மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிருக்கென்று கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. ஜிப்பைத் திறந்து வைத்தாலும் போதாது. கேஸ் ஸ்டவ்வும் அப்படித்தான். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் சாப்பாட்டின் மேல் பழி போடாமல் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவியை அழையுங்கள்.

அடுத்தது ஆட்கள். எத்தனை பேர், எத்தனை நாள், தனியாகவா என்று ஒருவர் துருவினால், "இன்னும் நாலு பேர் வந்துட்டிருக்காங்க" என்று சொல்லுங்கள். தப்பே இல்லை. வண்டியை வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள். சாவி, டார்ச், செருப்பு தலைமாட்டில் இருக்கட்டும். யாராவது கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தால் நேரில் போய்க் கேட்க வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக் காவலரிடம் சொல்லுங்கள். மனசு உறுத்தினால் கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டாவது கிளம்பிவிடுங்கள்.